ஆச்சி பெயரில் ஒரு புல்லாங்குழல்

தென்காசியில் அந்தத் தெருவில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும், பதினைந்து இருபது நாளில் ஒரு பெயர்ப் பட்டியல் தமிழம்மா வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரும். 35 ஆண்டுகள் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வுபெற்றவர் அவர். அவரிடம் படித்தவர்களுக்கு மட்டுமல்ல, அவர்களுடைய மாமியார்களுக்கும் அவர் தமிழம்மாதான்.

ஓர் ஆனி மாதச் சாயங்காலம் வந்தவள் அவரிடம் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண். கூட அவள் கணவர். மடியில் பிறந்து இருபது நாளான பெண் குழந்தை. கணவர் சிறு வயதில் புல்லாங்குழல் கற்றவர், இன்றும் மார்கழி பஜனையில் வாசிப்பவர். மகளுக்குக் குழல் சம்பந்தமான பெயராக வைக்கவேண்டும் என்பது அவர் ஆசை. கைபேசியில் ஒரு பட்டியலை எடுத்து நீட்டினார். பன்னிரண்டு பெயர்கள். ஆண் பெயர், பெண் பெயர் எல்லாம் கலந்து கிடந்தன. பூங்குழலி, கருங்குழலி, ஏலவார்குழலி, குழலி, வேணி, கிருஷ்ணவேணி, முராரி, முரளி, வேணு, வம்சி, குழலினி, குழல்மொழி. எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே அர்த்தம்: புல்லாங்குழல்.

"எதம்மா வைக்கலாம்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

தமிழம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "இதுல ஆறு பேருல இருக்கது கூந்தல். ஒண்ணுல அசுரன் இருக்கான். மிச்சம் அஞ்சுலதான் புல்லாங்குழல் இருக்கு" என்றார்.

கணவரின் முகம் வாடிப்போனது. பூங்குழலியைத்தான் அவர் மனதுக்குள் முடிவுசெய்து வைத்திருந்தார்.

தமிழம்மா புல்லாங்குழலைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அதன் பெயரைக் காதால் கேட்டு வளர்ந்தவர். அவருடைய அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பெயர் குழல்வாய்மொழி. தாத்தா அந்தப் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. "ஏளா" என்றால் ஆச்சி வருவாள். கொழுந்தன்மார் "மதினி" என்றார்கள், தெருவில் "பெரியாச்சி" என்றார்கள். முழுப் பெயரும் வெளியே கேட்பது மாதத்தில் ஒரே ஒரு தடவை. பம்பாயில் வேலைபார்த்த சித்தப்பா அனுப்பும் மணியார்டரோடு தபால்காரர் வாசலில் நின்று, தாளைப் பார்த்து, "குழல்வாய்மொழி அம்மாள்" என்று உரக்கப் படிப்பார். ஆச்சி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்ப் பெருவிரலை மையில் அழுத்தி ரேகை வைப்பாள். 1960-களின் அந்த நடுப்பகல்களில், கதவுக்குப் பின்னால் நின்று அந்தப் பெயரைக் கேட்பது ஏழு வயதுப் பேத்திக்கு ஒரு திருவிழா.

குழல் என்றால் அப்போது அந்தச் சிறுமிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அடுப்படியில் கிடக்கும் ஊதுகுழல். விறகு ஈரமாக இருந்து புகையும்போது, "ஏட்டி, அந்தக் கொழல எடு" என்பாள் ஆச்சி. இரும்புக் குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து ஊதினால் தணல் கனியும். ஆச்சி அதை ஊதும் அழகைப் பார்த்துத்தான் அவளுக்கு அந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பேத்தி நம்பியிருந்தாள். ஒருநாள் அதைக் கேட்டும் விட்டாள். ஆச்சி சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. "சாரல் விழட்டும். எம்பேருக்காரிய காட்டுதேன்" என்றாள்.

அந்த ஆடியில் இருவரும் குற்றாலம் போனார்கள். அருவியில் குளித்த ஈரத் தலையோடு குற்றாலநாதர் கோயிலுக்குள் நுழைந்தார்கள். சங்கு வடிவில் கட்டிய கோயில் என்று ஆச்சி சொன்னாள். சுவாமி சன்னதியைவிட அம்மன் சன்னதியில்தான் அவளுக்கு நிற்கப் பிடிக்கும். அங்கே இருக்கும் அம்மனின் பெயர் குழல்வாய்மொழி. வடமொழியில் வேணுவாக்வாதினி. வேணு என்றால் குழல், வாக்கு என்றால் சொல். தமிழ்ப் பெயரும் வடமொழிப் பெயரும் ஒரே செய்தியைச் சொல்கின்றன: குழலோசை போன்ற பேச்சு உடையவள்.

"அம்மன் வாயத் தொறந்து பேசினா, புல்லாங்கொழல் ஊதினமாதிரி இருக்கும்ட்டி. அதான் அந்தப் பேரு. நம்ம பக்கத்துல பொட்டப்பிள்ள பொறந்தா அந்தப் பேர வைப்பாவ."

வெளியே கடைவீதியில் ஒருவர் நீளமான கம்பின் தலையில் வைக்கோலைக் கட்டி, அதில் நூறு புல்லாங்குழல்களைச் செருகி, ஒரு செடியைத் தூக்கி வருவதுபோல் வந்தார். நாலணாவுக்கு ஒன்று வாங்கித் தந்தாள் ஆச்சி. பேத்தி ஊதுகுழலை ஊதுவதுபோல ஊதினாள். காற்றுதான் வந்தது. ஆச்சியும் ஊதிப்பார்த்தாள், அவளுக்கும் வரவில்லை. விற்றவர் திரும்பி வந்து, உதட்டை ஓட்டையோடு ஒட்டாமல், காற்றை அதன் விளிம்பில் படும்படி சாய்த்து ஊதவேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். ஊதுகுழலுக்கு இரண்டு பக்கமும் திறப்பு, காற்று நேராக ஓடிவிடும். புல்லாங்குழலுக்கு ஒரு பக்கம் அடைப்பு. காற்று விளிம்பில் மோதிப் பிளந்து, உள்ளே இருக்கும் காற்றையும் அதிரவைத்தால்தான் ஓசை. இந்த விளக்கமெல்லாம் தமிழம்மாவுக்குப் பின்னாளில் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது, தென்காசி வரும் பஸ்ஸில் முதன்முதலாக ஒரு 'ஊ' கேட்டதும் ஆச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டதுதான்.

ஆறாம் வகுப்புக்கு அப்பாவின் வேலை மாற்றத்தால் குடும்பம் திருநெல்வேலிக்குப் போனது. அங்கே வகுப்பில் ஒரு முரளி, ஒரு வேணு. இருவரும் ஒரே பெஞ்சு. இரண்டு பெயருக்கும் புல்லாங்குழல்தான் அர்த்தம் என்று தமிழம்மா தன் குற்றாலத்து அறிவை அவர்களிடம் சொன்னார். வேணு அதை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான். மறுநாள் அவன் அம்மா சொல்லியனுப்பிய பதில் வந்தது: "எம்பிள்ளைக்கு வச்சது கிருஷ்ணன் பேரு இல்ல. நெல்லையப்பர் பேரு."

அவள் சொன்னது சரிதான். திருநெல்வேலியின் பழம்பெயர் வேணுவனம், அதாவது மூங்கில் காடு. பால் சுமந்துபோன இடையர் தினமும் ஒரே இடத்தில் இடறி விழுந்ததாகவும், அங்கே வெட்டியபோது மூங்கிலடியில் லிங்கம் வெளிப்பட்டதாகவும் தலபுராணம் சொல்கிறது. அதனால் அங்கே சுவாமிக்கு வேணுவனநாதர் என்றும் வேய்முத்தநாதர் என்றும் பெயர்கள் உண்டு. வேய் என்பது மூங்கிலுக்குத் தமிழ். கோயிலின் தலமரமும் மூங்கில்தான். வேணு என்ற வடசொல்லுக்கு முதற்பொருள் மூங்கில், அதிலிருந்து செய்வதால் புல்லாங்குழலுக்கும் அதே பெயர். ஆகவே வேணுகோபாலன் என்றால் கையில் குழல் வைத்த ஆயன். வேணுவனநாதன் என்றால் மூங்கில் வனத்துச் சிவன். இரண்டையும் வீட்டில் 'வேணு' என்றே கூப்பிடுவார்கள். எந்த வேணு என்று தெரிய வீட்டுப் பெரியவர்களைத்தான் கேட்கவேண்டும்.

வம்சி என்ற பெயரிலும் இதே மூங்கில்தான் இருக்கிறது. வம்சம் என்ற வடசொல்லுக்கு மூங்கில் என்றும் பொருள், குலம் என்றும் பொருள். ஒரு கணுவிலிருந்து அடுத்த கணு என்று மூங்கில் வளர்வதையும், ஒரே வேரடியிலிருந்து புதர் முழுக்கக் கிளம்புவதையும் பார்த்தவர்களுக்குத் தலைமுறை நினைவுக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. நம் கல்யாண வீட்டு வாழ்த்திலும் சுற்றத்துக்கு உவமையாக வருவது மூங்கில். அந்த வம்சத்தில் செய்த குழல் வம்சி. இந்தியில் அது பன்சி ஆனது, பன்சிலால், பன்சிதர் என்ற பெயர்கள் பிறந்தன. தெலுங்கு வீடுகளில் இன்றும் வம்சி, வம்சிகிருஷ்ணா என்று பிள்ளைகள் வளர்கிறார்கள். தமிழில் அதே சொல் வங்கியம் என்று புழங்கியிருக்கிறது. குழலுக்கு அது ஒரு பழம்பெயர். நாகசுரத்தைப் பெருவங்கியம் என்றார்கள்.

முரளி நேராகவே புல்லாங்குழல். முரளிதரன் என்றால் குழலைத் தரித்தவன். முரளிமனோகர் என்றால் குழலால் மனதைக் கவர்பவன். ஆனால் இரண்டு எழுத்து மாறி முராரி ஆனால் குழல் போய்விடும். முரன் என்ற அசுரனுக்கு அரி, அதாவது பகைவன், என்பது அதன் பொருள். கிருஷ்ணனுடைய பெயர்தான், ஆனால் போர்க்களத்துப் பெயர். தமிழில் 'முரல்தல்' என்றால் வண்டு ரீங்கரிப்பது. முரளிக்கும் முரலுக்கும் உள்ள அந்த ஓசை நெருக்கத்தைத் தமிழம்மா வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் சொல்லிக்காட்டுவார்.

பாளையங்கோட்டையில் தமிழ் படித்த காலத்தில்தான் ஊதுகுழல், புல்லாங்குழல், கூந்தல் மூன்றும் அவருக்கு ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. குழல் என்ற சொல்லின் அடிப்படை உள்ளே துளை உடையது என்பதுதான். குழாயும் அந்தக் குடும்பம்தான். தெருவில் எரிகிற குழல்விளக்கும் அதே குடும்பம். பெண்கள் கூந்தலை ஐந்து வகையாக முடிப்பதை ஐம்பால் என்றார்கள்: முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை. குழல்போலச் சுருட்டி முடிப்பது குழல். அந்த ஒரு முடிப்பின் பெயர் நாளடைவில் கூந்தல் முழுவதற்கும் ஆகிவந்தது. கூந்தலைக் குழல் என்று சொன்னதன் அடியிலும் ஒரு மூங்கில் துண்டின் வடிவம் இருக்கிறது என்று தெரிந்த அன்று, விடுதியில் அவர் ஆச்சிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆச்சிக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரர்தான் படித்துக் காட்டினாராம்.

அப்புறம் கோயில்கள் விளங்கின. காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலில் அம்மன் ஏலவார்குழலி. வாசனைச் சாந்து பூசிய நீண்ட கூந்தலை உடையவள். திருச்சி மலைக்கோட்டையில் மட்டுவார்குழலம்மை. மட்டு என்றால் தேன், தேன் சிந்தும் பூக்களைச் சூடிய நீண்ட கூந்தல். திருவாலங்காட்டில் வண்டார்குழலி, பூவுக்கு வந்த வண்டுகள் மொய்க்கும் கூந்தல். இந்தப் பெயர்கள் ஒன்றிலும் புல்லாங்குழல் இல்லை. பூங்குழலி அந்த வரிசையில் வருபவள்தான், பூச்சூடிய கூந்தலாள். குற்றாலத்து அம்மன் ஒருத்திக்குத்தான் பேச்சில் குழல். 'வாய்மொழி' என்ற சொல் பக்கத்தில் இருப்பதால் அங்கே குழல் கூந்தலாக முடியாது, இசைக்குழலாகத்தான் இருக்கமுடியும். ஒரு சொல்லின் பொருளை அதன் அண்டைவீட்டுச் சொல்தான் தீர்மானிக்கும் என்று பாடம் நடத்த, தமிழம்மாவுக்கு ஆச்சியின் பெயரைவிட நல்ல எடுத்துக்காட்டு கடைசிவரை கிடைக்கவில்லை.

வேணியும் அப்படித்தான். வேணுவுக்குப் பெண்பால் வேணி என்று பலரும் நினைக்கிறார்கள். வேணி என்றால் பின்னிய சடை. ஆறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கலப்பதால் கூடுதுறைக்குத் திரிவேணி என்று பெயர் வந்தது. கிருஷ்ணவேணி என்றால் கருஞ்சடை என்று பொருள் சொல்லலாம், கிருஷ்ணா நதிக்கும் அது பெயர். தமிழில் குழல் என்ற ஒரே சொல் கூந்தலும் இசையுமாக நிற்க, வடமொழியில் வேணு, வேணி என்று ஒரு குறில் மாறி இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன.

பழைய இலக்கியம் நெடுகக் குழல் ஆயர் கையில்தான் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையன் தீக்கடைகோலால் மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்து ஊதுகிறான். அது சலித்ததும் குமிழங்கொம்பில் மரல் நாரைக் கட்டி யாழ் செய்துகொள்கிறான். அகநானூற்றின் 82-ஆம் பாடலில் கபிலர் ஆள் இல்லாமலே குழல் ஊதவைக்கிறார். அசையும் மூங்கிலில் வண்டு குடைந்த துளைகள், அவற்றில் புகும் மேல்காற்று, அதுவே குழலோசை. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் கொன்றை, ஆம்பல், முல்லை என்று மூன்று வகைக் குழல் வருகிறது. அந்தக் காப்பியத்தின் உரையாசிரியர் அடியார்க்குநல்லார், குழல் செய்ய மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்று ஐந்தைச் சொல்லி, மூங்கிலுக்கே முதலிடம் கொடுக்கிறார். பெரியபுராணத்தில் ஆனாய நாயனார், மாடு மேய்க்கப் போன இடத்தில் பூத்த கொன்றை மரத்தின் முன்னால் நின்று ஐந்தெழுத்தைக் குழலில் வாசித்தே முக்தி அடைகிறார். அவருடைய ஊர் லால்குடிக்குப் பக்கத்தில் உள்ள திருமங்கலம். ஆனாயன் என்றால் பசுக்களை மேய்க்கும் ஆயன் என்று மட்டுமே பொருள். பெயரில் குழல் என்ற சொல்லே இல்லாமல், கேட்டவுடன் குழல் நினைவுக்கு வரும் ஆண் பெயர் அது ஒன்றுதான் என்பார் தமிழம்மா. அதை எந்தப் பட்டியலிலும் அவர் பார்த்ததில்லை.

திருக்குறளின் 66-ஆவது குறளை எல்லோரும் அறிவார்கள். குழலும் யாழும் இனிமை என்று சொல்பவர்கள் தம் பிள்ளைகளின் மழலையைக் கேளாதவர்கள் என்கிறார் வள்ளுவர். அந்தக் குறளின் செல்வாக்கில்தான் யாழினி, குழலினி என்ற பெயர்கள் வீட்டுக்கு வீடு வந்தன. யாழினி முதலில் பரவினாள், குழலினி அவளைப் பார்த்து வந்த தங்கை. பழைய நூல்களில் தேடினால் கிடைக்காத புதுப்பெயர்தான். ஆனால் அதில் இருப்பது கலப்பில்லாத புல்லாங்குழல், எந்தக் கூந்தலும் குறுக்கே வராது.

1980-இல் பள்ளியில் சேர்ந்த தமிழம்மா வருகைப்பதிவேட்டின் வழியாகவே காலம் மாறுவதைக் கண்டவர். தொடக்க ஆண்டுகளில் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு முரளியும் ஒரு வேணுகோபாலும் உறுதி. பிறகு அவர்கள் பெற்றோர் கையெழுத்துப் போடும் இடத்துக்குப் போய்விட்டார்கள். பூங்குழலிகள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். அதற்குக் காரணம் கல்கி. 1950-இலிருந்து 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது, கோடிக்கரையில் நள்ளிரவில் படகு செலுத்திய பூங்குழலியைப் படித்துச் சொக்கியவர்கள் தங்கள் மகள்களுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். 2022-இல் அந்தக் கதை திரைக்கு வந்தபின் பேத்திகளுக்கும் வைக்கிறார்கள். "பூங்குழலின்னா கூந்தல்னு சொன்னா வருத்தப்படாதீங்க. படகு விடுதவ பேரு. அதைவிடவா ஒரு பெருமை வேணும்?" என்று தமிழம்மா பல அம்மாக்களைத் தேற்றியிருக்கிறார்.

பெயரில் குழல் இருந்தால் பிள்ளை குழல் வாசிக்குமா என்று ஒரு தகப்பன் அவரிடம் கேட்டதுண்டு. தமிழம்மா அதற்குச் சரித்திரத்தையே பதிலாகச் சொல்வார். கர்நாடக சங்கீதக் கச்சேரி மேடைக்குப் புல்லாங்குழலைக் கொண்டுவந்த கும்பகோணத்துக்காரர் கண்பார்வை இல்லாத சரப சாஸ்திரி. அடுத்து வந்தவர் பல்லடம் சஞ்சீவ ராவ். அதற்கடுத்து, பிடிக்கும் விரலையும் ஊதும் முறையையும் மாற்றி, வாய்ப்பாட்டின் குழைவை மூங்கிலுக்குள் கொண்டுவந்தவர் மாலி என்ற டி.ஆர். மகாலிங்கம். 1926-இல் திருவிடைமருதூரில் பிறந்தவருக்கு அந்த ஊர்ச் சிவன் மகாலிங்கசுவாமியின் பெயர். அவருடைய சீடர் என். ரமணி திருவாரூரில் பிறந்தவர். சரபம், சஞ்சீவி, மகாலிங்கம், ரமணி. குழல் வாசித்து உலகை நிறுத்திவைத்த நான்கு பேரில் ஒருவர் பெயரிலும் குழல் இல்லை.

குழலைப் பெயரில் வைத்திருந்தவர்கள் வேறு காரியம் செய்தார்கள். கிழக்கு கோதாவரிப் பக்கத்துச் சங்கரகுப்தத்தில் 1930-இல் பிறந்த குழந்தைக்கு முரளிகிருஷ்ணா என்று பெயர். அப்பா பட்டாபிராமய்யா குழலும் வாசித்தவர், அம்மா வீணை வாசித்தவர். சின்னஞ்சிறு வயதில் அவன் பாடியதைக் கேட்டு வியந்த ஒரு ஹரிகதை வித்வான் முன்னால் 'பால' என்று சேர்க்க, பாலமுரளிகிருஷ்ணா ஆனான். பிள்ளைக் குழல் என்று எழுத்துக்கு எழுத்துப் பொருள் சொல்லலாம். அந்தக் குழல் பாடியது வாயால். 1972-இல் கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன் டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட் எடுத்தார். குழல் தரித்தவன் என்ற பெயருடையவர் மணிக்கட்டால் பந்தைச் சுழற்றினார். இதைச் சொன்னால் வகுப்பில் கடைசி வரிசைப் பையன்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இத்தனையும் தெரிந்த தமிழம்மாவால் தன் வீட்டில் ஒரு பெயரைக் காப்பாற்ற முடியவில்லை. அதை அவர் வருத்தம் மாறாமல்தான் இன்றும் சொல்கிறார்.

1982-இல் அவருக்குப் பெண் பிறந்தது. ஆச்சி அப்போது இல்லை, போய் இரண்டு வருடம். பதினாறாம் நாள் குழந்தையை மடியில் போட்டு, நாக்கில் தேன் தொட்டுவைத்து, காதில் மூன்று முறை ஆச்சியின் பெயரையே சொன்னார்கள். குழல்வாய்மொழி. ஐந்து வருடம் அந்தப் பெயர் வீடு முழுக்க ஓடிவிளையாடியது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க, பள்ளியில் விடுப்பு கிடைக்காததால் தமிழம்மா போகமுடியவில்லை, குழந்தையின் தாத்தா கூட்டிப்போனார். அங்கே பதிவேட்டில் எழுதியவருக்குப் பெயர் நீளமாகத் தோன்றியிருக்கிறது. குழல் ஒரு சொல், வாய் ஒரு சொல் என்று பிரித்து, இரண்டின் முதலெழுத்துகளை ஆங்கிலத்தில் முன்னே போட்டு, 'கே.வி. மொழி' என்று எழுதிவிட்டார். தாத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது, கையெழுத்துப் போட்டு வந்துவிட்டார்.

தேர்ச்சி அட்டை வந்தபோதுதான் தெரிந்தது. மாற்றக் கேட்டுப் போனார், அலைந்தார், மேல்வகுப்புப் போகும்போது மாற்றலாம் என்றார்கள். அது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை போய், அங்கே அச்சில் உறைந்துவிட்டது. கல்லூரியில், வேலையில், வங்கியில், கடவுச்சீட்டில் எல்லாம் அவள் மொழி. கே என்றால் அப்பா பெயரா, வி என்றால் ஊரா என்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லி அலுத்துப்போய், சொல்வதையே விட்டுவிட்டாள். மொழி என்பதும் நல்ல பெயர்தான். ஆனால் எந்த மொழி என்று சொல்லும் குழல் ஒரு புள்ளிவைத்த எழுத்தாகச் சுருங்கிப்போனது தமிழம்மாவுக்குத் தாங்கவில்லை. ஆச்சியின் பெயரில் இருந்த புல்லாங்குழலைத் தன் கைக்கெட்டும் தூரத்தில் தொலைத்துவிட்டதாக அவர் நினைத்தார்.

மகள் அதை மறக்கவில்லை என்பது 2019-இல்தான் தெரிந்தது. ஒருநாள் ஒரு தாளைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்தாள். தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு. மொழி என்ற பெயரில் இதுவரை அறியப்பட்டவர் இனிமேல் குழல்வாய்மொழி. 37 வயதில் அவள் தன் பெயரின் முதல் பாதியைத் திரும்ப வாங்கியிருந்தாள். தமிழம்மா அந்தத் தாளைத் தபால்காரர் படித்ததுபோல வாசலில் நின்று உரக்கப் படித்தார்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த தம்பதிக்கு இந்தக் கதை முழுவதையும் அவர் சொன்னார். பிறகு நட்சத்திரம் கேட்டார். திருவாதிரை என்றார்கள். ஜோதிடர்கள் நட்சத்திரத்துக்கு நான்கு எழுத்து சொல்வார்கள். ரோகிணிக்கு ஓ, வ, வி, வு. கண்ணன் பிறந்த நட்சத்திரத்துக்கு வம்சி பொருந்திவரும். மிருகசீரிடத்துக்கு வே, வோ, கா, கி, வேணு அங்கே. மகத்துக்கு ம, மி, மு, மே, முரளி அங்கே. திருவாதிரைக்கு முதல் எழுத்து கு. குழலினியும் வைக்கலாம், குழல்மொழியும் வைக்கலாம் என்றார். மாமனார் வீட்டில் எழுத்து பார்ப்பார்கள் என்று கவலைப்பட்ட அந்தப் பெண்ணுக்கு நிம்மதி.

கணவர் கொஞ்ச நேரம் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டியலை மூடிவிட்டு, "அந்த முழுப் பேரையே வைக்கட்டுமாம்மா?" என்று கேட்டார்.

தமிழம்மா உடனே பதில் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்துவந்தார். பெயரைத் தமிழில் எழுதினார், கீழே ஆங்கிலத்தில் எழுதினார். ழகரத்துக்கு என்ன எழுத்து போடவேண்டும் என்று அடிக்கோடிட்டார். தகப்பன் பெயரின் முதலெழுத்தைத் தனியாக, இடைவெளி விட்டு எழுதினார். அப்புறம் அவர் சொன்னதைப் பெயர் வைக்க நிற்கும் எல்லாப் பெற்றோரும் கேட்டுக்கொள்ளலாம். பிறப்பை 21 நாளுக்குள் பதியவேண்டும். அப்போதே பெயர் முடிவாகவில்லை என்றால் பதறி எதையாவது எழுதவேண்டாம்; 12 மாதம் வரை கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பெயரை வாயால் சொல்லாதீர்கள், இரண்டு மொழியிலும் எழுதிய தாளைக் கொடுங்கள். கையெழுத்துப் போடுமுன், பதிந்ததை எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள். பட்டியலில் போட்டிருக்கும் அர்த்தத்தை நம்பி முடிவுசெய்யாமல், வீட்டில் மூத்தவர்களிடமும் தமிழ் தெரிந்த ஒருவரிடமும் ஒருமுறை கேளுங்கள்.

ஆவணியில் அந்தக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வந்தது. கணவர் முதலில் அதைத் தமிழம்மாவிடம்தான் கொண்டுவந்து காட்டினார். அவர் விரல் வைத்து எண்ணினார். தமிழில் 7 எழுத்து, ஆங்கிலத்தில் 14. ஒன்றும் விடுபடவில்லை.